ஊர் திரும்புமுன் மருத்துவமனையைப் பாருங்கள், பல் மருத்துவரைத் தனியாகப் பாருங்கள்

பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சொந்த இடத்துக்குத் திரும்ப நினைப்பவர்கள் வீட்டைப் பற்றி விசாரிப்பார்கள், பிள்ளைகளின் பள்ளியைப் பற்றி விசாரிப்பார்கள், வேலைக்கு நாலு பேரிடம் சொல்லிவைப்பார்கள். மருத்துவம் என்று வந்தால் மட்டும் "அங்கேதான் அரசாங்கமே எல்லாம் பார்த்துக்கொள்ளுமே" என்றோ "அங்கே அரசு ஆஸ்பத்திரியை நம்ப முடியாது" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டும் கிளம்பிப் போன காலத்து நினைவிலிருந்து வருபவை. அப்போது வயது இருபத்தைந்து. காய்ச்சலைத் தவிர வேறெதற்கும் மருத்துவமனைப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். திரும்பும்போது ஐம்பதை நெருங்கியாயிற்று. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, கடைவாய்ப் பற்களில் இரண்டு கேப், எழுபதைத் தாண்டிய பெற்றோர். மருத்துவமனையும் மாறியிருக்கும், அதற்குள் நுழைகிறவரும் மாறியிருப்பார்.

நான் வலியுறுத்த நினைப்பது இதைத்தான்: இந்த ஒப்பீட்டை நாட்டளவில் செய்யாதீர்கள், ஊரளவில் செய்யுங்கள். பொது மருத்துவத்தையும் பல் மருத்துவத்தையும் ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். பெரும்பாலான நாடுகளில் அவை தனித்தனி ஏற்பாடுகள். சட்டம் வேறு, பணம் வரும் வழி வேறு, நிற்க வேண்டிய வரிசையும் வேறு.

பல் ஏன் ஒதுங்கி நிற்கிறது

1840-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதே, அது எந்த மருத்துவக் கல்லூரியின் துறையாகவும் இல்லாமல் தனி நிறுவனமாகத்தான் பிறந்தது. முதலில் படிப்பு பிரிந்தது, பின்னாளில் காப்பீடும் பிரிந்தது. பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியபோது பல்லையும் சேர்த்தே இலவசமாக்கியது. அதுவரை வலியைப் பொறுத்துக்கொண்டிருந்த மக்கள் பல்செட்டுக்கும் சிகிச்சைக்கும் திரண்டு வந்தார்கள். போட்டிருந்த செலவு மதிப்பீடு போதவில்லை. 1951-ல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க முடிவானபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியை விட்டே விலகினார். அடுத்த ஆண்டு பல் சிகிச்சைக்கும் கட்டணம் வந்துவிட்டது. இன்றும் இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அரசு ஒப்பந்தத்தில் இயங்கும் பல் மருத்துவரைப் பார்க்கப் பெரும்பாலான பெரியவர்கள் பணம் கட்ட வேண்டும். அதே பிரிட்டனுக்குள் ஸ்காட்லாந்தில் பல் பரிசோதனை எல்லோருக்கும் இலவசம், 26 வயதுக்குக் கீழ் இருந்தால் சிகிச்சையும் இலவசம். 'பிரிட்டனில் பல் மருத்துவம் எப்படி?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காததற்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்காவில் 1965-ல் முதியோருக்காக வந்த மெடிகேர் சட்டம் வழக்கமான பல் சிகிச்சையை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. ஆஸ்திரேலியாவின் பொதுக் காப்பீடான மெடிகேரிலும் பெரியவர்களின் அன்றாடப் பல் சிகிச்சைக்கு இடமில்லை. கனடாவின் 1984 சுகாதாரச் சட்டம் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் உள்ளடக்கியது. பல்லைப் பொறுத்தவரை மருத்துவமனைக்குள் வைத்தே செய்தாக வேண்டிய அறுவை சிகிச்சைகள் மட்டும் உள்ளே வந்தன. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கனடியப் பல் பராமரிப்புத் திட்டம் வந்திருக்கிறது. அதன்கீழ் சிகிச்சை 2024 மே மாதம் தொடங்கியது. தனியார் பல் காப்பீடு இல்லாத, வருமான வரம்புக்குள் இருக்கிற குடும்பங்களுக்கானது அது. நல்ல திட்டம். ஆனால் அதில் சேர, கனடாவில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும். நேற்று வந்து இறங்கியவரிடம் அது பொதுவாக இருக்காது. செய்தியில் திட்டத்தின் பெயரைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் இந்தச் சிறு நிபந்தனையைப் படிப்பதில்லை.

எல்லா நாடும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பான் 1961-ல் அனைவருக்குமான காப்பீட்டை எட்டியது. அங்கே பல் சிகிச்சையும் அதே காப்பீட்டுக்குள்தான். உழைக்கும் வயதினர் எந்தச் சிகிச்சைக்கும் கட்டுகிற 30 சதவீதப் பங்கையே பல்லுக்கும் கட்டுகிறார்கள். தாய்லாந்தின் 2002 பொதுக் காப்பீட்டுத் திட்டத்தில் அடிப்படைப் பல் சிகிச்சை இருக்கிறது. பிரேசில் 2004-ல் பல் மருத்துவத்துக்கென்றே தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கித் தன் பொது மருத்துவ அமைப்போடு இணைத்தது. ஆக, பணக்கார நாடு என்றால் பல்லைப் பார்த்துக்கொள்ளும், ஏழை நாடு என்றால் கைவிட்டுவிடும் என்ற கணக்கு செல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி உலக மக்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 350 கோடிப் பேருக்கு, வாய் தொடர்பான நோய் ஏதாவது இருக்கிறது. இவ்வளவு பேருக்கு வருகிற நோயைக் காப்பீட்டுக்கு வெளியே நிறுத்திவைத்திருப்பது பெரும் அநீதி என்றே நான் நினைக்கிறேன். திரும்பிப் போகிறவர் அந்த அநீதி மாறும்வரை காத்திருக்க முடியாது. அது தன்னை எந்த இடத்தில் தொடும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடியும்.

உரிமை எந்த நாளில் தொடங்குகிறது

"நான் அந்த நாட்டுக் குடிமகன், அங்கே வரி கட்டியவன்" என்பது பல நாடுகளில் மருத்துவ உரிமையாக மாறாது. கணக்கில் வருவது குடியுரிமை அல்ல, வசிப்பிடம். பிரிட்டனில் திட்டமிட்ட மருத்துவமனைச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்க, நீங்கள் வழக்கமாக அங்கே வசிப்பவராக இருக்க வேண்டும். நிலையாகத் தங்கவே திரும்பிவிட்டீர்கள் என்றால் வந்த நாளிலிருந்தே அந்தத் தகுதி உண்டு, ஆனால் கேட்டால் காட்டுவதற்குச் சான்று வேண்டும்: வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம், வெளிநாட்டு வீட்டைக் காலி செய்த ஆவணம் போன்றவை. கனடாவின் சட்டம், புதிதாகக் குடியேறுகிறவர்களை மூன்று மாதம் வரை காத்திருக்க வைக்க மாகாணங்களுக்கு இடம் தருகிறது. சில மாகாணங்கள் காக்க வைக்கின்றன, சில வைப்பதில்லை. அந்த இடைவெளிக்குத் தனியாகக் காப்பீடு எடுக்காமல் வந்துவிட்டால், விபத்து அந்த மூன்று மாதம் காத்திருக்காது. அமெரிக்க மெடிகேரில் வெளிநோயாளிச் சிகிச்சைக்கான 'பி' பகுதியில் உரிய காலத்தில் சேராமல் தள்ளிப்போட்டால், தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சந்தா 10 சதவீதம் கூடுகிறது. அந்தக் கூடுதல் பெரும்பாலும் கடைசிவரை தொடரும். வெளிநாட்டில் இருந்தபோது "இங்கே அது பயன்படாதே" என்று சேராமல் விட்டவர்கள் திரும்பியதும் இதைத்தான் சந்திக்கிறார்கள்.

இந்தியாவில் 2018-ல் வந்த பிரதம மந்திரி மக்கள் ஆரோக்கியத் திட்டம் 2024 அக்டோபரில் வருமானம் பார்க்காமல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் விரிக்கப்பட்டது. வயதான பெற்றோர் உள்ள குடும்பங்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அது படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கான காப்பீடு. மாதாமாதம் வாங்கும் மாத்திரை, மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் வெளிநோயாளிச் செலவு, பல் கிளினிக்கில் உட்கார்ந்து அடைக்கும் சொத்தை ஆகியவை அதற்குள் வரா. எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு ஒரு வருடத்தில் ஆகும் செலவில் எது பெரும்பங்கு என்று எழுதிப் பார்த்தால்தான் காப்பீட்டு அட்டை எவ்வளவு தூரம் துணை வரும் என்று தெரியும்.

ஜெர்மனியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குப் பல் பரிசோதனைக்கென்று ஒரு சிறு கையேடு இருக்கிறது. ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போய் அதில் முத்திரை வாங்கியவருக்கு, பின்னாளில் கேப், பிரிட்ஜ், பல்செட் வைக்க நேர்ந்தால் காப்பீடு தரும் நிலையான உதவித்தொகை கூடும். அடிப்படையில், வழக்கமான சிகிச்சைக்கு ஆகும் செலவில் 60 சதவீதம். ஐந்து வருடம் விடாமல் போயிருந்தால் 70, பத்து வருடம் என்றால் 75. இப்படித் தொடர்ச்சியைக் கணக்கில் எடுக்கும் ஏற்பாடு உள்ள நாட்டுக்குத் திரும்புகிறவர், வெளியில் இருந்த வருடங்களின் பரிசோதனைப் பதிவு ஏற்கப்படுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உரிமை இருக்கிறது, நாற்காலி இருக்கிறதா?

தகுதி உண்டு என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2006-ல் பல் மருத்துவர்களுக்கான ஒப்பந்தம் மாறியதிலிருந்து, ஒரு பல் மருத்துவரிடம் நோயாளியாகப் 'பதிவாகி இருப்பது' என்பதே சட்டப்படி இல்லை. நடக்கும் சிகிச்சை முடிந்ததும் அந்த மருத்துவமனைக்கு உங்கள்மேல் தொடர் பொறுப்பு கிடையாது. வெளிநாடு போகுமுன் பார்த்த பல் மருத்துவர் தன்னை இன்னும் வைத்திருப்பார் என்று நம்பித் திரும்புகிறவர்கள், அரசு ஒப்பந்தத்தில் புதியவர்களை எடுப்பதில்லை என்ற பதிலைக் கேட்டுத் திகைத்துப்போகிறார்கள். சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, பல் மருத்துவர் இருக்கிறார், ஆனால் அரசுக் கணக்கில் உட்கார ஒரு நாற்காலி காலியில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி தொலைபேசிதான். இணையப் பட்டியலில் 'புதிய நோயாளிகளை ஏற்கிறோம்' என்று இருப்பது ஆறு மாதம் முன் யாரோ போட்ட குறியாக இருக்கலாம். வரவேற்பில் இருப்பவரிடம் "அங்கே பல் மருத்துவம் கிடைக்குமா?" என்று கேட்டால் "கிடைக்கும்" என்றுதான் சொல்வார்; அதில் பொய்யும் இல்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அரசுக் கட்டணத்தில் புதிதாக வரும் பெரியவர் ஒருவருக்கு, வலி எதுவும் இல்லாமல் வெறும் பரிசோதனைக்கு, நீங்கள் தரக்கூடிய முதல் தேதி எது?" மறுமுனையில் விசைப்பலகை தட்டும் ஒலி கேட்கும். வருகிற பதில் ஒரு தேதியாக இருந்தால் அந்த ஊரில் உங்களுக்கு இடம் உண்டு. "பெயரைக் கொடுங்கள், பட்டியலில் சேர்க்கிறோம்" என்றால் அது தேதி இல்லை. "தனியாரில் என்றால் வியாழக்கிழமையே வரலாம்" என்றால், அதே மருத்துவர், அதே நாற்காலி, வரிசை மட்டும் வேறு. தொடர்ந்து பிள்ளைகளுக்கும் அதே கேள்வி. பல இடங்களில் பிள்ளைகளை எடுப்பார்கள், பெற்றோரை எடுக்க மாட்டார்கள். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை மாலையில் கன்னம் வீங்கினால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவு என்று பதில் வந்தால், அங்கே பெரும்பாலும் கிடைக்கப்போவது வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்தான். வீக்கம் வடியும்; காரணமான பல் அங்கேயே இருக்கும். மூச்சுக்கோ விழுங்குவதற்கோ தடை வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அங்கேதான் போக வேண்டும்.

இதில் ஆறுதலான ஒரு விஷயம்: பல இடங்களில் குடும்ப மருத்துவருக்கு எல்லை உண்டு, பல் மருத்துவருக்குக் கிடையாது. இங்கிலாந்தில் உங்கள் முகவரி தன் எல்லைக்குள் வராவிட்டால் குடும்ப மருத்துவர் உங்களைச் சேர்க்க மறுக்கலாம். பல் மருத்துவரை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆகவே வீட்டுக்கு அருகில் மட்டும் தேடி விரக்தி அடைய வேண்டாம். வேலைக்குப் போகும் ஊர், பிள்ளைகள் படிக்கும் ஊர் எல்லாவற்றிலும் கேட்டுப் பாருங்கள். பல் மருத்துவக் கல்லூரி உள்ள நகரம் எட்டும் தூரத்தில் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். மாணவர்கள் பேராசிரியரின் கண்காணிப்பில் செய்வதால் ஒரு வேலைக்கு நாலு முறை போக வேண்டியிருக்கும். நேரம் இருப்பவர்களுக்கு, குறிப்பாக ஓய்வுபெற்ற பெற்றோருக்கு, அது பெரும்பாலும் பொறுமையான, செலவு குறைந்த சிகிச்சை.

காத்திருப்பு எண்களை எப்படிப் படிப்பது

பொது மருத்துவத்தில் ஒப்பிடுவதற்கு எண்கள் நிறையக் கிடைக்கும், அதனாலேயே ஏமாறவும் வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தின் இலக்கு, பரிந்துரைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது. கடிகாரம் ஓடத் தொடங்குவது பரிந்துரையிலிருந்து. குடும்ப மருத்துவரைப் பார்க்கவே மூன்று வாரம் ஆனால் அந்த மூன்று வாரம் கணக்கில் வராது. வேறு சில நாடுகளில் நிபுணரைப் பார்த்த நாளிலிருந்து எண்ணுவார்கள். அதனால் இரண்டு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இங்கே குறைவு, அங்கே அதிகம்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. மருத்துவமனையின் மொத்தச் சராசரியும் உதவாது. கண்புரை அறுவைக்கு எட்டு வாரம், மூட்டு மாற்றத்துக்கு ஒன்றரை வருடம் என்று இருக்கும் மருத்துவமனையின் சராசரி யாருடைய அனுபவமும் அல்ல. உங்கள் வீட்டில் உள்ள நோய் எதுவோ அந்தத் துறையின் எண்ணை மட்டும் எடுங்கள்.

எண்களைவிடத் தூரத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் சிகிச்சை நோய் உறுதியான 120 நிமிடத்துக்குள் நடக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கான வழக்கமான காலவரம்பு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம். அருகில் மருத்துவமனைக் கட்டடம் இருப்பது வேறு, அதற்குள் இரவு இரண்டு மணிக்கு இதயப் பிரிவு இயங்குவது வேறு. சிறு ஊர்களின் மருத்துவமனைகள் பெயர்ப் பலகையை வைத்துக்கொண்டே பிரசவத்தையோ இரவு அறுவை சிகிச்சையையோ பெரிய நகரத்துக்கு மாற்றிவிடுவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. கேட்க வேண்டியது: "நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸை அழைத்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள், இரவில் எவ்வளவு நேரம் ஆகும்?" இதற்கான பதில் முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் தலைகீழாக மாறும். ஒரே மாவட்டத்தில் வீடு தேடுகிறவர் எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவெடுக்க இந்த ஒரு பதில் போதும்.

இடையில் அறுந்துவிடக் கூடாதவை

சில சிகிச்சைகள் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. டயாலிசிஸ் வாரத்துக்குப் பெரும்பாலும் மூன்று முறை; புதிய ஊரில் இயந்திரத்தில் நேரம் உறுதியாகாமல் விமான டிக்கெட் எடுக்கவே கூடாது. ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட ரத்தப் பரிசோதனை முடிவுகளை முதலிலேயே கேட்பார்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறையும் வேகத்தைத் தவறாமல் பார்க்க ஆள் வேண்டும்.

அதிகம் பேசப்படாத ஓர் ஊசியைச் சொல்கிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப். வயதான அம்மாக்களில் பலர் இதில் இருக்கிறார்கள். இதைத் தள்ளிப்போட்டாலோ மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ எலும்பின் அடர்த்தி வேகமாகச் சரிந்து முதுகெலும்பு முறியும் அபாயம் கூடுகிறது. ஊர் மாறும் குழப்பத்தில், புதிய மருத்துவரைப் பிடிப்பதற்குள், ஆறு மாதம் என்பது ஒன்பது மாதமாவது மிக எளிது. இதே ஊசிக்கும், எலும்புக்குத் தரும் சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகளுக்கும் பல்லோடு நேரடித் தொடர்பு உண்டு. இவற்றில் இருப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால் அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அதனால்தான் மருந்து தொடங்குமுன் பல் வேலைகளை முடித்துவிடச் சொல்கிறார்கள். இதய வால்வு மாற்றியவர்கள், தலை, கழுத்துப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை எடுத்தவர்கள், சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் பல் மருத்துவர் ஓர் உபரி வசதி அல்ல. இரண்டு ஏற்பாடுகளும் காகிதத்தில் பிரிந்திருந்தாலும் உடம்பு ஒன்றுதான். இத்தகையவர் வீட்டில் இருந்தால், பல் மருத்துவம் கிடைக்காத ஊரை, அங்கே எவ்வளவு நல்ல பொது மருத்துவமனை இருந்தாலும், நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கிளம்புமுன் வாயில் முடிக்க வேண்டியது

வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கானது. அது கசியத் தொடங்கினால் சுத்தம் செய்த வேருக்குள் மீண்டும் கிருமி போகும். பிள்ளைக்குப் பல் கம்பி போட்டிருந்தால், இருக்கும் ஊரிலேயே முடியுமா என்று பாருங்கள். பாதியில் எடுத்து நடத்தத் தயங்கும் மருத்துவர்கள் நிறைய. எடுப்பவர்களும் பெரும்பாலும் புதிதாகக் கணக்குப் போடுவார்கள். விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் வைத்திருப்பவர்கள் அதன் தயாரிப்பாளர், வகை, விட்டம், நீளம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் திருகு இன்னொன்றில் பெரும்பாலும் பொருந்தாது. அட்டை இல்லாவிட்டால் தளர்ந்த ஒரு திருகை முடுக்குவதற்கே புதிய மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டிவரும். எக்ஸ்ரேக்களை அச்சிட்ட தாளாக வாங்காமல் கோப்புகளாகவே வாங்குங்கள். மருந்துகளின் பட்டியலில் வணிகப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் இருக்கட்டும், ஏனென்றால் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். கடைசி மாதத்தில் கேட்டால் மருத்துவமனைகள் இழுத்தடிக்கும். இந்த ஆவணங்களுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். புதிய ஊரின் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்கிய தேதி அதற்குள் கையில் இருந்தால், கோப்புகளை நேராக அந்த முகவரிக்கே அனுப்பச் சொல்லலாம்.